தாழம்பூச் சாட்சி

முழுநிலவு நாள் வருகிறதென்றால் திருவண்ணாமலைப் பேருந்துகளில் நிற்க இடமில்லை. இரயில்களில் கால் வைக்க இடமில்லை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளத்துக்கு மனிதத் தலைகள். தள்ளாத முதியவர், கைக்குழந்தை ஏந்திய தாய், வெறுங்காலோடு நடக்கும் கூலித் தொழிலாளி, கடன் தீர வழி தேடி வந்த சிறு கடைக்காரர். அவர்களை எள்ளி நகையாடும் எண்ணம் நமக்கில்லை. அவர்கள் நம்மவர்கள், நம் வீட்டுப் பாட்டியும் அந்தக் கூட்டத்தில் நடக்கிறாள். நம் கேள்வி, அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்போரை நோக்கியது.

'கிரிவலம் வர உகந்த நேரம்' என்று மாதந்தோறும் ஓர் அறிவிப்பு வெளிவருகிறது. இன்ன நாள் இன்ன மணி இன்ன நிமிடத்தில் தொடங்கி, மறுநாள் இன்ன நிமிடத்தில் முடியுமென்று நிமிடக் கணக்காகச் சொல்கிறார்கள். அந்த நிமிடம் எங்கிருந்து வந்தது, தோழர்களே? கருவறையிலிருந்து ஒலித்த அசரீரியா? கனவில் வந்த கட்டளையா? இரண்டுமில்லை. புவியிலிருந்து நோக்கும்போது, கதிரவனுக்கும் நிலவுக்கும் இடைப்பட்ட கோணம் 168 பாகை ஆகும் கணத்தில் பௌர்ணமித் திதி தொடங்குகிறது. 180 பாகை ஆகி, இரண்டும் நேரெதிரே நிற்கும் கணத்தில் முடிகிறது. உகந்த நேரமாவது அவ்வளவே. எந்த வெள்ளைக்காரச் சிறுவனும் எந்தக் கறுப்பினச் சிறுமியும், எண்ணும் எழுத்தும் கற்றிருந்தால், கணக்கிட்டுப் பெறக்கூடிய இரண்டு எண்கள்!

கணக்கு நம்முடையது, அறிவுலகத்துக்குப் பொதுவானது. அந்தக் கணக்கை எடுத்து, அதன்மேல் திருநீற்றைப் பூசி, "புண்ணிய காலம்" என்று பெயரிட்டு, மக்களுக்கே திருப்பி விற்கிறார்களே, அந்த வாணிபத்தைத்தான் நாம் வழிமறித்துக் கேட்கிறோம்.

அந்த வாணிபத்திலாவது ஒழுங்கு உண்டா? சரக்காவது நல்ல சரக்கா? அண்மைக்காலக் கூத்து ஒன்றைப் பாருங்கள். சனி என்னும் கோள் கும்பத்தை விட்டு மீனத்தில் நுழையும் நாள் எது? திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025 மார்ச் 29 என்றது. வாக்கியப் பஞ்சாங்கமோ 2026 மார்ச் 6 என்றது. ஏறத்தாழ பதினொரு மாதம் இடைவெளி! வானத்தில் சனி ஒன்றா, இரண்டா? மூத்த சனி முதலில் போய்விட்டார், இளைய சனி பின்னால் வருகிறார் என்று கொள்வதா? 2025 மார்ச்சில் ஒரு சோதிடரிடம் போனவனுக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டது. அடுத்த தெருச் சோதிடரிடம் போனவனுக்கு இன்னும் ஓராண்டு தவணை! திருநள்ளாற்றுக் கோயில் வாக்கியத்தின் பக்கம் நின்று, அந்த ஆண்டில் பெயர்ச்சியே இல்லை என்றது.

வாக்கியம் என்பது பல நூற்றாண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வாய்பாடு. அதைக் கட்டியவர்களை நாம் இகழவில்லை. தம் காலத்துக்கு அவர்கள் அருமையான கணக்கர்கள். இரவு விழித்து வானத்தைப் பார்த்தவர்கள். அவர்கள் வானத்தைப் பார்த்து ஓலையில் எழுதினார்கள். இவர்கள் ஓலையைப் பார்த்து வானத்துக்கு உத்தரவு போடுகிறார்கள். சிறு பிழை ஆண்டுதோறும் வட்டியாய் ஏறி இன்று பதினொரு மாதமாய்ப் பருத்து நிற்கிறது. திருத்தலாமே என்றால், முன்னோர் வாக்கு என்கிறார்கள். திருக்கணிதக்காரர் வானத்தோடு ஒத்துப்போகும் இடத்தைச் சொல்கிறார், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த இடத்தில் சனி நிற்பதால் உன் வேலை போகும், உன் மகளுக்கு வரன் தட்டும் என்பதற்கு அவரிடமும் சல்லிக்காசு பெறும் சான்றில்லை.

இனி, திருவண்ணாமலையின் தலபுராணத்துக்கே வருவோம். நாத்திகன் புராணம் பேசலாமா என்று கேட்காதீர்கள். இந்தக் கதையை இந்த ஊர்க்காரர்களைவிட நாம்தான் கவனமாகப் படித்திருக்கிறோம் போலும்! நெருப்புத் தூணாய் நின்ற சிவனின் அடியைத் தேடித் திருமால் பன்றியாய் மண்ணைக் குடைந்து போனாராம். முடியைத் தேடி நான்முகன் அன்னமாய் மேலே பறந்தாராம். திருமால் இளைத்துக் களைத்துத் திரும்பி வந்து, "அடியைக் காணவில்லை" என்று ஒப்புக்கொண்டார். நான்முகனோ, வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, "நான் முடியைக் கண்டேன், இதோ சாட்சி!" என்றார். முடிவு யாது? பொய் சொன்னவருக்குக் கோயிலில்லை. பொய்ச்சாட்சி சொன்ன பூவுக்குப் பூசையில்லை.

கதை கட்டுக்கதைதான். ஆனாலும் கதை கட்டியவன் ஒரு செய்தி சொல்லியிருக்கிறான். அளக்காத ஒன்றை அளந்தேன் என்பதே அந்தக் கதையின் பெருங்குற்றம். "இதுவரை பார்த்தேன், இதற்கு மேல் தெரியவில்லை" என்றவருக்கு அதில் இழிவில்லை. இந்த நீதிமன்றத்தை இன்று கூட்டினால் யார் யார் கூண்டில் ஏறுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! காணாத முடியைக் கண்டதாகக் கைவிரலை மடக்கி எண்ணும் கூட்டம் ஒருபுறம். மறுபுறம், நம் மாவட்டத்து மலைத்தொடரிலேயே, விளம்பரமின்றி, விபூதியின்றி, இரவெல்லாம் கண் விழித்த மனிதர்கள்.

ஆம், நம் மலைத்தொடரில்தான். திருவண்ணாமலைக்கு வடமேற்கே சவ்வாது மலை கிடக்கிறது. அதன் ஒரு பகுதி இம்மாவட்டத்து ஜமுனாமரத்தூர்; மறு பகுதியில், ஆலங்காயத்துக்கு மேலே, காவலூர். 1960-களின் இறுதியில் அங்கே ஒரு சிறிய தொலைநோக்கியோடு வானாய்வகம் தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 1986 சனவரியில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி செயலுக்கு வந்தது. அந்த ஆய்வகத்தை உருவாக்கி, 1982-இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. சென்னையில் பிறந்தவர் பாப்பு.

அந்தக் காவலூரில் 48 செண்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி ஒன்றும் உண்டு. பெருந்தொலைநோக்கியின் நிழலில் நிற்கும் எளிய கருவி. ஆனால் வானத்தின் அகன்ற பரப்பை ஒரே படத்தில் பிடிக்க வல்லது. 1980-களின் பிற்பகுதியில் ஆர். இராஜமோகன் என்னும் வானியலாரும் அவர் குழுவினரும், சிறுகோள்களையும் வால்மீன்களையும் தேடும் பணியை அதைக்கொண்டு நடத்தினர். 1988 பிப்ரவரி 17 அன்று அவர்கள் பிடித்த ஒரு சிறுகோள் இன்று 4130 என்ற எண்ணோடு உலகப் பட்டியலில் இருக்கிறது. பெயர் இராமானுசன். நாமம் தரித்தோர் நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். ஆசாரியர் அல்லர் இவர். ஈரோட்டில் பிறந்து, குடந்தையில் வளர்ந்து, எண்களோடு வாழ்ந்து மறைந்த கணித மேதை.

இந்தியாவிலிருந்து அதற்கு முன் கடைசியாக ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1885-இல், சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில், போக்சன் என்ற ஆங்கிலேயரால். அதே போக்சன் 1861 ஏப்ரல் 17-இல் சென்னையிலிருந்து கண்ட சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயர். ஆசியக் கண்டத்தில் இருந்து காணப்பட்ட முதற் சிறுகோள் அது. ஆக, ஆசியாவின் முதற் சிறுகோள் தமிழகத்து வானில் பிடிபட்டது! இதை எந்தப் பாடப்புத்தகம் நம் பிள்ளைகளுக்குச் சொன்னது? திரிபுரம் எரித்த கதை தெரியும், தட்சன் வேள்வி தெரியும். ஆசியா தெரியாது, இராமானுசன் தெரியாது, காவலூர் எந்தத் திசையென்று தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், மனத்தில் உறுத்துகிறது. காவலூரின் அந்தத் தேடல் திட்டத்துக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'கல்கி'! கலியுக முடிவில் குதிரைமேல் வாளோடு வரவிருப்பதாகச் சொல்லப்படும் பத்தாம் அவதாரம்! உலகை அழிக்கக்கூடிய கல்லைத் தேடும் வேலைக்கு அழிவுக் கடவுளின் பெயர் பொருந்தும் என்று யாரோ குறும்பாக எண்ணியிருந்தால், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 'காவல்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில் அமர்ந்துகொண்டு, பெயருக்காகப் புராணத்தின் வாசலுக்குப் போயிருக்க வேண்டுமா?

சரி, வேலைக்கு வருவோம். ஒரு கல்லின் பாதையை எப்படி அறிகிறார்கள்? இதை விளங்கிக்கொள்ளாமல் வெறுமனே 'விஞ்ஞானம் வாழ்க' என்று முழங்கும் இளைஞனுக்கும், 'அரோகரா' போடுபவனுக்கும் அதிக வேறுபாடில்லை. ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

வானத்தின் ஒரே துண்டைச் சில நிமிட இடைவெளியில் மீண்டும் மீண்டும் படமெடுக்கிறார்கள். விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. ஒரே ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கிறது. அதுவே நம் ஆள். அந்தப் புள்ளி, இன்ன நொடியில், இடம் அறியப்பட்ட விண்மீன்களுக்கிடையே எங்கே நின்றது என்பதை இரண்டு கோணங்களால் குறிக்கிறார்கள். ஊருக்குக் கிழக்கு மேற்கும் வடக்கு தெற்கும் சொல்வது போல. இவ்வளவுதான் கண்ணுக்குக் கிடைப்பது. எவ்வளவு தூரம் என்று தெரியாது. எவ்வளவு பெரிது என்றும் தெரியாது.

தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் திண்ணையில் நோயாளி ஒருவர் படுத்திருக்கிறார். மூன்று சந்துகளின் இடைவெளியில், மூன்று முறை, தேரின் உச்சி அவர் கண்ணில் பட்டு மறைகிறது. மணி பார்த்துக்கொள்கிறார். வீதிகளின் அமைப்பும் தேர் நகரும் விதமும் அவருக்குத் தெரியும். அது போதும், தேர் நிலைக்கு எப்போது வருமென்று படுத்தபடியே சொல்லிவிடுவார். வானில் வீதிகளின் அமைப்பைத் தருவது ஈர்ப்பு விதி. கதிரவனைச் சுற்றும் எந்தப் பொருளும் அந்த விதி வகுத்த நீள்வட்டத்தில்தான் போயாக வேண்டும். நீள்வட்டத்தின் அளவு, தட்டை, சாய்வு, கிடக்கும் திசை, அதில் பொருள் நிற்குமிடம் என்று மொத்தம் ஆறு எண்கள் வேண்டும். ஒரு நோக்கில் இரண்டு எண் கிடைக்கிறது. மூன்று நோக்கில் ஆறு. கணக்குத் தொடங்கிவிட்டது!

1801 சனவரி முதல் நாள் பியாசி என்பவர் இத்தாலி நாட்டுப் பலெர்மோவில் சீரிசு என்னும் முதற் சிறுகோளைக் கண்டார். சில வாரங்களில் அது கதிரவனின் ஒளிக்குப் பின்னே மறைந்துபோயிற்று. எங்கே போய்த் தேடுவது? 24 வயது இளைஞர் காஸ், வீட்டிலிருந்தபடி தாளும் இறகுப் பேனாவும் கொண்டு, இன்ன இடத்தில் பாருங்கள் என்றார். ஆண்டு முடியும் நாளில் அங்கேயே இருந்தது! பியாசி ஒரு கத்தோலிக்கத் துறவி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கி எதுவாயினும், கண்டதைக் கண்டபடி எழுதி, எழுதியதைப் பிறர் சரிபார்க்கக் கொடுத்தார். நமக்கு அது போதும். நம் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியும் அப்படிப்பட்டவரே. வைதிகக் குடும்பம், பஞ்சாங்க மரபு. ஆயினும் 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். கண்ணால் கண்ட வானத்தோடு பொருந்துமாறு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டுமென்று தம் கூட்டத்தாரிடமே வாதாடினார். அன்று அவர் சொன்னதைத்தான், ஒன்றரை நூற்றாண்டு கழித்து, நாம் வாக்கியக்காரரிடம் கேட்கிறோம்.

மூன்று நோக்கில் கணக்குத் தொடங்கும் என்றேன். முடியும் என்று சொல்லவில்லை. சில நாள் மட்டும் பார்த்த கல்லின் எதிர்காலப் பாதை மெல்லிய கோடாக இராது. அகன்ற பட்டையாக இருக்கும். அந்தப் பட்டைக்குள் எங்கோ அது வரும். மேலும் மேலும் பார்க்கப் பார்க்கப் பட்டை ஒடுங்கும். இந்த நுட்பம் புரியாததால்தான் 2025 பிப்ரவரியில் பலர் தடுமாறினார்கள்.

2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கி ஒன்று, '2024 ஒய்.ஆர்.4' எனப் பெயர்பெற்ற சிறுகோளைக் கண்டது. ஏறத்தாழ 60 மீட்டர்ப் பாறை. 2032 டிசம்பர் 22-இல் அது புவியைத் தாக்கக்கூடும் என்றார்கள். தாக்கினால் விழக்கூடிய நீண்ட பட்டையில் தென்னாசியாவும் இருந்தது. வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்றார்கள். பிப்ரவரி 18-இல் நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல் என்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள், அஞ்ச ஒன்றுமில்லை என்றார்கள். உடனே நம் ஊர்ப் பழைமைவாதிக்கு வாய் திறந்துகொண்டது. "பார்த்தாயா! உன் விஞ்ஞானியும் மாற்றி மாற்றித்தானே பேசுகிறான்? எங்கள் சோதிடனை மட்டும் ஏன் ஏசுகிறாய்?"

நல்ல கேள்வி. பதில் சொல்வோம். ஏரியில் பெருவலை வீசி இழுக்கிறார்கள். வலைக்குள் எங்கோ ஒரு பானை கிடக்கிறது. வலை அகன்றிருக்கும்போது பானை வலைப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு. வலை சுருங்கச் சுருங்க அதே பானை நூற்றில் இரண்டாகிறது, மூன்றாகிறது. பானை வளரவில்லை, வலைதான் சுருங்கியது. இன்னும் ஓர் இழுப்பில் பானை வலைக்கு வெளியே நழுவிவிடுகிறது, பங்கு சுழியமாகிறது. அந்தப் பானைதான் நம் புவி. வாய்ப்பு ஏறியதும் இறங்கியதும் ஒரே காரணத்தால், அளவீடு கூர்மையானதால். இதை ஒவ்வொரு நாளும், ஒளிக்காமல், பிழை எல்லையோடு, உலகறிய வெளியிட்டார்கள். அடியைக் காணாதபோது காணவில்லை என்றவரின் நாணயம் இங்கே இருக்கிறது. உம் சோதிடர் என்றைக்காவது தம் பிழை எல்லையை எழுதிக் காட்டியதுண்டா? "இந்தச் சாதகப் பலன் 62 விழுக்காடு, மேலும் பார்த்த பின் திருத்துவேன்" என்று சொல்லித் தட்சிணை வாங்கியதுண்டா?

அவர்களுடைய கணிப்புக்கு நாம் பார்த்த தேர்வு ஒன்று உண்டு. 1962 பிப்ரவரித் தொடக்கத்தில் எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடுகின்றன, அட்டகிரகச் சேர்க்கை, உலகம் அழியும் என்று நாடெங்கும் அலறினார்கள். யாகங்கள் நடந்தன, குடம் குடமாய் நெய் எரிந்தது. அந்த எட்டில் ஒன்றான கேது, கிரகமே அன்று; வெறும் கணக்குப் புள்ளி! பிப்ரவரி 6-ஆம் நாள் கதிரவன் எழுந்தது. பால்காரன் வந்தான். ஒரு சோதிடராவது தம் கணக்குத் தவறியதென்று நெய்க்காசைத் திருப்பிக் கொடுத்தாரா? யாகத்தால் தப்பினோம் என்றார்கள். அழிந்தால் கிரகத்தின் வெற்றி, அழியாவிட்டால் யாகத்தின் வெற்றி!

வானியலாரின் தேர்வையும் பாருங்கள். 2008 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவில், சுமார் 4 மீட்டர்ச் சிறுகோள் ஒன்று கண்ணில் பட்டது. சில மணி நேரத்தில் கணக்குச் சொன்னது: அடுத்த நாள் விடியுமுன் சூடானின் வடபகுதிப் பாலைவனத்துக்கு மேலே. ஏறத்தாழ 20 மணி நேரத்தில் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், வான் வெடித்து எரிந்தது. பின்னர்க் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் மணலில் வரிசையாக நடந்து நடந்து அதன் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அதுவும் நடைதான், தோழர்களே!

தவறவிட்டதும் உண்டு, மறைக்க மாட்டோம். 2013 பிப்ரவரி 15-இல் இரசிய நாட்டுச் செல்யாபின்சுக்கு மேலே 20 மீட்டர்க் கல் ஒன்று வெடித்துச் சிதறியது. சுமார் 1,500 பேர் காயமுற்றனர், பெரும்பாலோர் உடைந்த கண்ணாடியால். கதிரவனின் திசையிலிருந்து வந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. "காணவில்லை" என்று ஒப்புக்கொண்டார்கள்; கதிரவன் பக்கம் பார்க்கும் கருவிகளுக்குத் திட்டம் தீட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 16-இல் ஒரு சிறு கல் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே 3,000 கிலோமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் பறந்து போயிற்று. அதுவும் போன பிறகே தெரிந்தது. தொலைநோக்கிப் படங்களில் அதைக் கண்டெடுத்தவர்கள் மும்பை ஐ.ஐ.டி. மாணவர் இருவர். அதே ஆண்டு சூரத் நகரில், பத்தாம் வகுப்புச் சிறுமியர் இருவர், அவாய்த் தீவுத் தொலைநோக்கியின் படங்களைக் கணினியில் ஒப்பிட்டு ஒரு சிறுகோளைச் சுட்டினார்கள். பத்தாம் வகுப்பு! நம் ஊரில் அந்த வயதுப் பிள்ளையின் தேர்வு அட்டையை வைத்து அர்ச்சனை நடக்கிறது.

பரிகாரம் என்ற சொல் இவர்களுக்கு மிகப் பிடிக்கும். 2022 செப்டம்பர் 26-இல் ஒரு பரிகாரம் நடந்தது. டைமார்பாசு என்ற சிறு பாறை, தன்னைவிடப் பெரிய பாறையை 11 மணி 55 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டிருந்தது. மனிதன் ஒரு விண்கலத்தை அனுப்பி அதன்மேல் மோதினான். சுற்றும் நேரம் 11 மணி 23 நிமிடம் ஆயிற்று. எள் விளக்கு ஏற்றியா? காக்கைக்குச் சோறு வைத்தா?

அண்ணாமலையையே எடுத்துக்கொள்வோமே. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை. வ.உ.சி. நகரில் மலைச்சரிவின் மண்ணும் பாறையும் ஒரு வீட்டின்மேல் விழுந்து 7 பேர் புதைந்து மாண்டனர். அவர்களில் 5 பேர் குழந்தைகள். மலையே இறைவன் என்று கோடிப் பேர் வணங்கும் மலை. இதை வெற்றிக் களிப்போடு எழுதவில்லை. எழுதக் கை நடுங்குகிறது. ஆனால் அதன்பின் நடந்ததை நினைவூட்டாமல் இருக்க முடியாது. சில நாளில் வந்த தீபத் திருநாளுக்கு மக்களை மலையேற விடலாமா என்ற கேள்வி எழுந்தது. அதை ஆராய யாரை அழைத்தார்கள்? தாம்பூலத் தட்டோடு சோதிடரையா? பிரசன்னம் பார்ப்பவரையா? மண்ணியல் வல்லுநர்களை! உயிர் என்று வந்துவிட்டால், ஆலய நிருவாகமும் அரசும் ஆத்திகரும் அளவுகோல் வைத்திருப்பவனைத்தான் தேடுகிறார்கள். அந்த அளவுகோல் மழைக்கு முன்னரே அந்தச் சரிவுக்கு வந்திருந்தால்?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2029 ஏப்ரல் 13 வருகிறது.

அபோபிசு என்று ஒரு சிறுகோள். எகிப்தியர் புராணத்தில் கதிரவனை விழுங்க வரும் பாம்பின் பெயர் அது. நம் இராகுவின் பங்காளி. குறுக்களவு 300 மீட்டருக்கு மேல். 2004 சூனில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 27 அன்று, 2029-இல் மோதும் வாய்ப்பு நூற்றுக்கு 2.7 என்று கணக்கு வந்தது. அந்த நாளை நாம் வேறொரு காரணத்துக்காக அறிவோம். அதற்கு முந்தைய நாள் காலையில்தான் கடல் எழுந்து நம் கரையை விழுங்கியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 உயிர்கள். எந்தப் பஞ்சாங்கமும் எச்சரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், இந்தியப் பெருங்கடலில் அன்று அறிவியலிடமும் எச்சரிக்கும் ஏற்பாடு இல்லை. வேறுபாடு பின்னால் தெரிந்தது. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் எழுந்தது. பஞ்சாங்கம் வழக்கம்போல் அடுத்த ஆண்டுக்கு அச்சேறியது.

அபோபிசின் கணக்கும் திருத்தப்பட்டது. பழைய படங்களைத் தோண்டியெடுத்தபோது, கண்டுபிடிப்புக்கு முன்பே, 2004 மார்ச்சில் அது பதிவாகியிருந்தது தெரிந்தது. 2029 மோதல் இல்லை என்றாயிற்று. 2021 மார்ச்சில் ரேடார் அலையை அதன்மேல் வீசி அளந்து, இன்னும் நூறாண்டுக்கேனும் அச்சமில்லை என்று உறுதி செய்தார்கள். 2029-இல் அது நிலப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். தொலைக்காட்சிச் செயற்கைக் கோள்கள் சுற்றும் உயரத்தைவிடவும் குறைவு! வெறுங்கண்ணுக்கே தெரியும் ஒளியோடு போகும்.

மிக அருகில் வரும் நேரம் நம் கடிகாரப்படி ஏப்ரல் 14 விடியற்காலை 3 மணி 16 நிமிடம். நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு. அமாவாசை. விடிந்தால் சித்திரை முதல் நாள். போதாதா? புரட்டர்களுக்கு இதைவிடப் பொன்னான வாய்ப்பு எந்த யுகத்தில் கிடைக்கும்? "அமாவாசையும் ஆண்டுப் பிறப்பும் கூடும் வேளையில் ஆகாயப் பாம்பு!" என்று தலைப்புகள் வரும். சிறப்பு யாகத்துக்குச் சீட்டு விற்கப்படும். அண்ணாமலையைச் சுற்றினால் தோசம் நீங்கும் என்பார்கள். கடந்து போன மறுநாள், எங்கள் பூசையால் போயிற்று என்பார்கள். இது சோதிடமன்று, 1962-ஐப் பார்த்துச் சொல்லும் கணக்கு. தவறினால் நான் மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்வேன்.

ஆகவே, இளைஞர்களே, காத்திருக்க வேண்டாம். நிலவின் பெயரால் இலட்சம் பேர் நடக்கும் பாதையில், நிலவைக் காட்டுவோர் இல்லை! ஒரு சிறு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிரிவலப் பாதை ஓரத்தில் நிறுத்துங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். கால்வலியோடு வரும் பாட்டியை நிறுத்தி, "ஆயா, கொஞ்சம் இதில் பாருங்கள்" என்று சொல்லுங்கள். முழுநிலவில் பள்ளங்களின் நிழல் தெரியாது. ஆனால் தென்பகுதியில் டைக்கோ என்னும் பள்ளத்திலிருந்து வெள்ளைக் கதிர்கள் விரிந்து கிடப்பது அன்றுதான் எடுப்பாகத் தெரியும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கல் விழுந்த தழும்பு அது என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள்; உகந்த நேரத்துக்குக் கீழே 168, 180 என்ற இரண்டு எண்களை எழுதுங்கள்.

அமாவாசை வந்தால் ஆகாதென்று வீட்டுக்குள் அடையாதீர்கள். மங்கிய புள்ளிகளைத் தேடுவோர்க்கு அறுவடை நாள் அதுதான். முழுநிலவின் ஒளியில் சிறுகோள் மறைந்துபோகும். ஊரார் கூடும் இரவில் காவலூர்க்காரர் கண் கூசியிருப்பார். ஊரார் அஞ்சும் இரவில் அவர் கண் திறப்பார். மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளிலிருந்து மாணவர்களை அந்த மலைக்கு அழைத்துப் போக அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுபடி கேளுங்கள்.

பிறகு உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அபோபிசின் ஆறு எண்களும் எவரும் எடுத்துக்கொள்ளப் பொதுவில் கிடைக்கின்றன. திருவண்ணாமலை வடக்கே 12 பாகை 14 கலை. கிழக்கே 79 பாகை 4 கலை. 2029 ஏப்ரல் 13 இரவு, இந்தியப் பெருங்கடலுக்கு மேலாக மேற்கு நோக்கி அது போகும்போது, இந்த ஊரின் வானத்தில் எத்தனை மணிக்கு எழும், எந்த விண்மீன் கூட்டத்தின் வழியே போகும், மலை மறைக்குமா, எத்தனை மணிக்கு மேற்கே இறங்கும் என்று நீங்களே கணக்கிடுங்கள். கணக்கைப் பள்ளிச் சுவரில், நாள் போட்டு, பெயர் போட்டு, இத்தனை நிமிடம் முன்பின் ஆகலாம் என்ற பிழை எல்லையோடு எழுதி ஒட்டுங்கள். பக்கத்துச் சோதிடரையும் அவர் கணக்கை அதே சுவரில் எழுதச் சொல்லுங்கள். அன்றிரவு எல்லோரும் மொட்டை மாடிக்கு வாருங்கள், கடிகாரத்தோடு.